பழைய கலைப்படங்களில் எங்கே சிரித்தோம் என்று குறித்துவைப்பது எப்படி

உலகத் திரைப்பட வரலாற்றின் செவ்வியல் படங்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகளைத் தொடர்ந்து படிப்பவருக்கு, அந்தப் படங்களில் சிரிப்பு என்ற ஒன்றே கிடையாது என்ற எண்ணம் வந்துவிடக்கூடும். ஜப்பானின் யசுஜிரோ ஓசு என்றால் நிலையாமை, வங்காளத்தின் சத்யஜித் ரே என்றால் மனிதநேயம், ஸ்வீடனின் இங்மர் பெர்க்மன் என்றால் கடவுளின் மௌனம் என்று ஒவ்வொரு இயக்குநருக்கும் ஒரு பெரிய சொல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சொற்கள் பொய்யல்ல. ஆனால் ஓசு 1959-இல் எடுத்த 'ஓஹாயோ'வில், நெற்றியில் விரல் வைத்து அழுத்தினால் உடனே குசு விட வேண்டும் என்று பள்ளிச் சிறுவர்கள் போட்டி நடத்துகிறார்கள். பெர்க்மனின் 'கோடை இரவின் புன்னகைகள்' 1956 கான் திரைப்பட விழாவில் கவித்துவமான நகைச்சுவைக்கென்றே பரிசு பெற்றது. இவற்றை யாரும் மறைக்கவில்லை என்றாலும், பயபக்தியோடு திரைக்கு முன் உட்காரும் பார்வையாளர் தமக்குச் சிரிப்பு வந்த இடங்களை ஏதோ இடையூறுபோல ஒதுக்கிவிட்டு, மற்றவர்கள் ஏற்கெனவே எழுதிவைத்த சோகத்தையே தாமும் உணர்ந்ததாக எழுதிவிடுகிறார்.

இந்த வழிகாட்டி அப்படி ஒதுக்கப்படும் சிரிப்பைப் பற்றியது. இந்தப் படங்களின் நகைச்சுவை, கதைக்குப் பக்கத்தில் ஓடும் தனித் தடம் அல்ல. கணவனும் மனைவியும், தகப்பனும் பிள்ளையும், காதலிக்கத் தயங்கும் இருவரும் ஒருவருக்கொருவர் எந்தத் தூரத்தில் நிற்கிறார்கள் என்பதை இயக்குநர் அளந்து காட்டும் கருவி அது. ஆகவே நாம் எங்கே சிரித்தோம், எங்கே சிரிப்பு பாதியில் நின்றது, எங்கே அரங்கமே சிரித்தும் நமக்கு வரவில்லை என்பதைச் சரியாகக் குறித்துவைத்தால், அந்த உறவைப் பற்றி நாம் உண்மையில் என்ன நினைத்தோம் என்பது பெரும்பாலும் அந்தக் குறிப்பிலேயே கிடைத்துவிடும்.

எந்தப் படத்தில் தொடங்குவது

பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் படத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. குடும்பத்தையோ காதலையோ மையமாகக் கொண்ட, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே ஓடும் படங்கள் இந்தப் பயிற்சிக்கு ஏற்றவை. ஓசுவின் 'ஓஹாயோ', ரேயின் 'அபுர் சன்சார்' (1959), பிரான்சுவா த்ரூஃபோவின் 'திருட்டு முத்தங்கள்' (1968) ஆகிய மூன்றையும் நான் முதலில் பரிந்துரைப்பேன். மூன்றிலும் கதை எளிது. மூன்றிலும் பெரிய நிகழ்ச்சிகளைவிடச் சிறிய செய்கைகளே நினைவில் நிற்கின்றன.

ழாக் தத்தியின் 'பிளேடைம்' (1967) போன்ற படத்தைப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. எழுபது மில்லிமீட்டர் அகலத்தில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் ஒரே சட்டகத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு வேடிக்கைகள் ஒரே சமயத்தில் நடக்கும். கைப்பேசியில் பார்ப்பவருக்கு அவற்றில் பாதி கண்ணுக்கே படாது. ழான் ரெனுவாரின் 'ஆட்டத்தின் விதிகள்' (1939) வேறு காரணத்துக்காகக் காத்திருக்கலாம்: அதில் மாளிகையின் எஜமானர்களிடையே ஒரு காதல் சிக்கலும் வேலைக்காரர்களிடையே அதற்கு இணையான இன்னொரு சிக்கலும் பின்னிக்கிடப்பதால், யார் யாருடைய கணவர், யார் யாரைக் காதலிக்கிறார் என்பது மனத்தில் படிவதற்குள் பாதிப் படம் போய்விடுகிறது.

பார்ப்பதற்கு முன்பு விமர்சனங்களைப் படிக்க வேண்டாம். ஆனால் கதை நடக்கும் இடத்தின் நடப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது சிரிப்புக்கு உதவும். 'ஓஹாயோ'வில் இரண்டு பையன்கள் தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். அந்தப் படம் வெளிவருவதற்கு முந்தைய மாதம், 1959 ஏப்ரலில், ஜப்பானியப் பட்டத்து இளவரசரின் திருமணம் நடந்தது. அந்த ஊர்வலத்தை வீட்டிலிருந்தே பார்ப்பதற்காக நாடெங்கும் மக்கள் தொலைக்காட்சிப் பெட்டிகளை வாங்கிக் குவித்தார்கள். இது தெரிந்தால் அந்த அடம் சிறுபிள்ளைத்தனமாக மட்டும் தோன்றாது. இத்துடன், ஒட்டியொட்டி நிற்கும் அந்தச் சிறு வீடுகளில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் கிறுக்கிவைத்துக்கொள்ளுங்கள். மாதர் சங்கச் சந்தாப் பணம் எங்கே போயிற்று என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் வம்பு பேசும்போது, யார் யாரைப் பற்றி யாரிடம் சொல்கிறார்கள் என்பதில்தான் வேடிக்கை முழுவதும் இருக்கிறது.

பார்க்கும்போது

நம் வெகுஜனத் திரைப்படங்கள் சிரிக்க வேண்டிய இடத்தைப் பின்னணி இசையால் சுட்டிக்காட்டிவிடும். நகைச்சுவை நடிகர் வந்து நின்றதுமே நாம் தயாராகிவிடுவோம். அந்தப் பழக்கத்தோடு இந்தப் படங்களுக்கு வருபவர், சைகை வருமென்று காத்திருந்து, வேடிக்கை கடந்துபோனதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார். ஓசுவின் கேமரா தரையை ஒட்டித் தாழ்வாக, அசையாமல் இருக்கும். ஒருவர் பேசி முடித்த பிறகும் காட்சி ஓரிரு நொடிகள் நீடிக்கும். அந்த ஓரிரு நொடிகளில் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கப் பழக வேண்டும். பேசுபவரைவிடப் பேசாதவரைப் பாருங்கள் என்பதே நான் தரக்கூடிய முதன்மையான யோசனை.

வசன வரிகள் இதற்குப் பெரிய தடை. நடிகர் வாக்கியத்தைத் தொடங்கும்போதே முழு வரியும் திரையின் அடியில் வந்துவிடுவதால், வேடிக்கையை அவர் சொல்லி முடிப்பதற்குள் நாம் படித்து முடித்துவிடுகிறோம். அவர் முகம் மாறும் நேரத்தில் நம் கண் கீழே இருக்கிறது. இதற்கு எளிய தீர்வு உண்டு. படத்தை ஒருமுறை முழுவதும் பார்த்த பிறகு, உங்களைத் தொட்ட ஐந்து நிமிடப் பகுதியை மட்டும் வசன வரிகளை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். மொழி புரியாதபோது குரலின் ஏற்ற இறக்கமும், உடல் பின்வாங்குவதும், கை எதையோ தேடுவதும் துலக்கமாகத் தெரியும்.

கையில் ஒரு தாள் இருக்கட்டும். சிரிப்பு வந்ததும் நேரத்தையும், என்ன நடந்தது என்பதை ஒரே வரியிலும் எழுதினால் போதும். 'அற்புதம்', 'நுட்பம்' போன்ற சொற்களை அந்தத் தாளில் எழுதக் கூடாது. அவை பிறகு எழுத உட்காரும்போது எதையும் நினைவுபடுத்தாது. 'ஓஹாயோ'வில் ஒரு கணவர் வேலைக்குக் கிளம்பும்போது குசு விடுகிறார், அடுத்த அறையிலிருந்து மனைவி வந்து, கூப்பிட்டீர்களா என்று கேட்கிறார், அவர் இல்லை என்கிறார், மனைவி போய்விடுகிறார், சிறிது நேரத்தில் அதே சத்தம், அதே கேள்வி. இதற்குக் குறிப்பு எழுதுவதென்றால், "மனைவி மறுபடியும் வந்தாள், இந்த முறை இன்னும் அதிகமாகச் சிரித்தேன்" என்று எழுதினால் போதும். இரண்டாம் முறை ஏன் அதிகச் சிரிப்பு வந்தது என்பதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம். யோசித்தால், சத்தம் எதுவானாலும் அது தனக்கான அழைப்பாக இருக்கலாம் என்று எழுந்து வருகிற ஒரு பெண்ணும், அவள் வந்துவிட்டாளே என்பதற்காகத் திரும்பும்போது தின்பண்டம் வாங்கிவரவா என்று கேட்கிற ஒரு மனிதரும் அங்கே இருப்பது புரியும். மணவாழ்க்கையின் நெருக்கத்தை இவ்வளவு மரியாதைக்குறைவான ஒரு சத்தத்தைக் கொண்டு காட்டிய இன்னொரு இயக்குநரை எனக்குத் தெரியாது.

அதே படத்தில், பெரியவர்கள் காலை வணக்கம், மாலை வணக்கம், நல்ல வெயில் என்று பொருளற்றதையே பேசுகிறார்கள் என்று மூத்த பையன் தகப்பனிடம் பொரிந்துதள்ளிவிட்டுத் தம்பியையும் சேர்த்துக்கொண்டு மௌன விரதம் இருக்கத் தொடங்குகிறான். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் இளைஞர் ஒருவர், அந்தப் பொருளற்ற பேச்சு இல்லையென்றால் உலகம் வறண்டுவிடும் என்று அதற்காக வாதாடுகிறார். வேண்டாததையெல்லாம் பேசும் உனக்கு வேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லையே என்று அவருடைய அக்கா குத்திக்காட்டுகிறார். இறுதியில் அந்த இளைஞரும் பையன்களின் சித்தியும் ரயில் நிலைய நடைமேடையில் நின்று வானத்தையும் மேகத்தின் வடிவத்தையும் பற்றிப் பேசிக்கொண்டேயிருக்கிறார்கள். வெயிலைப் பற்றிய இந்தப் பேச்சுக்கு எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வருகிறது. ஆனால் குசுவுக்கு வந்த சிரிப்பல்ல அது. அந்த இருவரும் எதைச் சொல்லாமல் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிந்திருப்பதால் வரும் சிரிப்பு. உங்கள் தாளில் இந்த இரண்டு வகையையும் வேறுவேறு குறியிட்டு வையுங்கள்.

ஒரு மணவாழ்க்கை, சில பொருள்கள்

'அபுர் சன்சார்' படத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். நண்பனின் உறவுப்பெண் திருமணத்துக்குச் சென்ற அபு, மாப்பிள்ளைக்கு மனநிலை சரியில்லை என்பது தெரிந்து திருமணம் நின்றுவிட்ட நிலையில், குறித்த முகூர்த்தம் தப்பினால் பெண்ணின் வாழ்வே பாழாகும் என்ற நம்பிக்கைக்குக் கட்டுப்பட்டு, முன்பின் அறியாத அபர்ணாவை மணந்துகொள்கிறான். கல்கத்தாவில் ரயில் பாதையை ஒட்டிய மாடி அறைக்கு அவளை அழைத்துவருகிறான். கிழிந்த திரைச்சீலை வழியாக வெளியே பார்த்து அவள் அழுகிறாள். அடுத்து வரும் சில நிமிடங்களில்தான் ரே நம்மைச் சிரிக்க வைக்கிறார்.

காலையில் கண்விழித்து எழப்போகும் அபர்ணாவின் சேலை முந்தானை அவனுடைய துணியோடு முடிச்சிடப்பட்டிருக்கிறது. அவள் முடிச்சை அவிழ்த்து, தூங்குகிறவனுக்கு விளையாட்டாக ஓர் அடி கொடுத்துவிட்டு, அடுப்பை மூட்டப் போகிறாள். அபு எழுந்து படுக்கையில் கிடக்கும் கொண்டை ஊசியைக் கையில் எடுத்துப் பார்க்கிறான். வேலையிலிருக்கும் அவளைப் பார்க்கிறான். சிகரெட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றுதான் என்று வாக்குக் கொடுத்ததை நினைவூட்டி அவள் எழுதிவைத்த சீட்டு இருக்கிறது. இருவரும் தழுவிக்கொள்வதைக் காட்டவில்லை. காதல் வசனம் ஒன்றுகூட இல்லை. முடிச்சு, ஊசி, சீட்டு ஆகிய மூன்றையும் கொண்டு அறிமுகமற்ற இருவர் கணவன் மனைவியாகிவிட்டதைக் காட்டிவிடுகிறார் இயக்குநர்.

இதைப் பார்க்கும்போது வரும் சிரிப்பை ஆராய ஒரு வழி உண்டு. சட்டகத்துக்குள் யார் சிரிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். இங்கே இருவருமே ஏறத்தாழச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவர்களோடு சேர்ந்துகொள்கிறோம். இன்னொரு காட்சியில் இருவரும் புராணப் படமொன்றைப் பார்க்கிறார்கள். திரையரங்கின் வெண்திரை அப்படியே குதிரைவண்டியின் பின்கண்ணாடிச் சன்னலாக மாறுகிறது. வண்டிக்குள் தீக்குச்சி வெளிச்சத்தில் அவன், உன் கண்களில் என்ன இருக்கிறது என்று கேட்கிறான். கவிதை எதிர்பார்க்கும் கேள்வி அது. அவள் சொல்லும் பதில்: காஜல், அதாவது மை. அரங்கில் இதற்குச் சிறு சிரிப்பு எழும். கவிஞனாக வேண்டும் என்ற கனவில் மிதக்கும் கணவனை ஒரே சொல்லால் தரைக்கு இறக்குகிறாள் என்பதால் வரும் சிரிப்பு. பிறகு அவள் பிரசவத்தில் இறந்துபோகிறாள். பிழைத்த பிள்ளையின் பெயர் காஜல். அந்தப் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்க மறுத்து அபு ஆண்டுக்கணக்கில் அலைகிறான். வண்டிக்குள் நாம் சிரித்ததைத் தாளில் எழுதிவைத்திருந்தால், பின்பாதியில் பெயர் முதன்முறை சொல்லப்படும்போது அந்தக் குறிப்பு தானே கண்ணில் படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த இனிமையில் மயங்கி, திருமணம் எப்படி நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. அபர்ணாவாக நடித்த சர்மிளா தாகூர் அப்போது பள்ளிச் சிறுமி. இன்று பார்ப்பவருக்கு இது உறுத்தினால், உறுத்தியது என்று எழுதலாம். உறுத்தலும் சிரிப்பும் ஒரே தாளில் இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

சிரிப்பு நிற்கும் இடம்

சிரிப்பைவிடப் பயனுள்ள குறிப்பு, அது நின்ற கணத்தைப் பற்றியது. இதற்கு ஓசுவின் மௌனப்படமான 'பிறந்தேன், ஆனால்...' (1932) சிறந்த பாடம். புறநகருக்குக் குடிவந்த எழுத்தரின் இரு மகன்கள், அந்தப் பகுதிப் பையன்களையெல்லாம் அடக்கி, தகப்பனாருடைய முதலாளியின் மகனையும் தங்கள் கட்டளைக்குப் பணிய வைக்கிறார்கள். கை காட்டியதும் அவன் தரையில் மல்லாந்து படுத்துவிட வேண்டும். ஒருநாள் மாலை முதலாளி வீட்டில், அவர் எடுத்த குறும்படங்களைத் திரையிடுகிறார்கள். அதில் தகப்பனார் முகத்தைக் கோணி, குரங்குச் சேட்டைகள் செய்து முதலாளியை மகிழ்விக்கிறார். அறையில் இருக்கும் எல்லோரும் சிரிக்கிறார்கள். திரையில் தெரியும் அப்பா வேடிக்கையாகத்தான் இருக்கிறார், நாமும் சிரிக்கிறோம். அந்த இரண்டு மகன்களின் முகம் வரும்போது நம் சிரிப்பு நின்றுவிடுகிறது.

சட்டகத்துக்குள் யார் சிரிக்கவில்லை என்ற கேள்வி இங்கேதான் வேலை செய்கிறது. மற்றவர்களுக்கு வேடிக்கையாக இருப்பது, அந்த மனிதரைத் தங்கள் நாயகனாக எண்ணியிருந்த இருவருக்கு அவமானம். வீட்டுக்கு வந்து அவர்கள் கேட்கும் கேள்விகள் மறுபடி நம்மைச் சிரிக்க வைக்கின்றன: ஏன் அவருக்குக் குனிந்து வணக்கம் சொல்கிறீர்கள்? அவர்தான் சம்பளம் தருகிறார். அப்படியென்றால் அவரிடம் வாங்காதீர்கள், நீங்கள் அவருக்குக் கொடுங்கள். பையன்கள் உண்ணாவிரதம் இருந்து, மறுநாள் காலை தோட்டத்தில் தகப்பனாரோடு உட்கார்ந்து சோற்று உருண்டை தின்பதில் அது முடிகிறது. பள்ளிக்குப் போகும் வழியில் முதலாளியின் காரைக் கண்டதும், போய் வணக்கம் சொல்லுங்கள் என்று மகன்களே தகப்பனாரை அனுப்பிவைக்கிறார்கள். இந்தக் கடைசிக் காட்சியில் சிரிப்பவர்களும் உண்டு, தொண்டை அடைத்துக்கொள்பவர்களும் உண்டு. எது உங்களுக்கு நேர்ந்தது என்பதை நேர்மையாக எழுதினால், வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குவதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதும் கூடவே வெளிப்பட்டுவிடும்.

அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' இதே வேலையை எதிர்த்திசையில் செய்கிறது. தோட்டத்தில் மாடு புகுந்தாலும் தங்கை ராஜம்மாவைத்தான் கூப்பிடும் உண்ணி, உடுத்திக்கொண்டு வெளியே கிளம்பி, வழியில் தேங்கிக் கிடக்கும் சேற்றைக் கண்டதும் வீட்டுக்கே திரும்பிவிடும் காட்சி எந்தப் பார்வையாளரையும் சிரிக்க வைக்கும். ஆனால் அவர் தாண்டாத ஒவ்வொரு சேற்றையும் ராஜம்மாதான் தாண்டிக்கொண்டிருக்கிறாள் என்பது உறைக்க உறைக்க, அந்தச் சிரிப்பின் மேல் நமக்கே கோபம் வருகிறது. வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஆண்களோடு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கோபம் சீக்கிரம் வரும்.

சங்கடமான சிரிப்பும் ஆறிப்போன சிரிப்பும்

எல்லா வேடிக்கையும் காலத்தைத் தாண்டி நிற்பதில்லை. ரேயின் 'ஆரண்யேர் தின் ராத்ரி' (1970) படத்தில் கல்கத்தாவிலிருந்து பலாமு காட்டுக்கு வரும் நான்கு இளைஞர்கள், அனுமதியில்லாத ஓய்வு இல்லத்தில் காவலாளிக்குக் கையூட்டுக் கொடுத்துத் தங்குகிறார்கள். அவர்களுடைய அலட்டலைப் பார்த்துச் சிரிக்கும்படியாகவே படம் எடுக்கப்பட்டிருக்கிறது. கிணற்றடியில் அரைகுறை உடையில் சோப்பு நுரையோடு குளித்துக்கொண்டிருக்கும்போது பெண்கள் வந்துவிடும் காட்சியில் அந்த அலட்டல் கரைந்தே போகிறது. அதே படத்தில் சந்தாலிப் பழங்குடிப் பெண்ணாக வருபவர், உடலில் கருநிறம் பூசப்பட்ட சிமி கரேவால். அவர் வரும் காட்சிகளில் இன்றைய பார்வையாளர் பலருக்கு முகம் சுளிக்கும். ரே மேதை என்பதற்காக அந்தச் சுளிப்பை விழுங்க வேண்டியதில்லை. அந்தச் சுளிப்புக்காக மற்ற காட்சிகளின் நுட்பத்தைத் தள்ளிவிடவும் தேவையில்லை.

அந்த நுட்பத்துக்குச் சான்று, மரத்தடி நினைவாற்றல் விளையாட்டு. ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் ஒரு புகழ்பெற்ற பெயரைச் சொல்ல வேண்டும். அடுத்தவர் முன்பு வந்த பெயர்களை வரிசை மாறாமல் சொல்லிவிட்டுத் தம்முடையதைச் சேர்க்க வேண்டும். ரவீந்திரநாத், கார்ல் மார்க்ஸ், கிளியோபாட்ரா என்று பட்டியல் நீளும்போது, யார் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே ஒரு வேடிக்கை. ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, நால்வரில் ஒருவரான அசீமும், அங்கே அவர்கள் சந்தித்த அபர்ணாவும் ('அபுர் சன்சார்' அபர்ணா அல்ல, பெயர் மட்டும் ஒன்று) மட்டும் எஞ்சுகிறார்கள். வெல்ல முடிந்த அபர்ணா, வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறாள். தோற்றால் இந்த மனிதர் தாங்கமாட்டார் என்று கணித்துவிட்ட ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்கிறோம். இங்கே சத்தமாகச் சிரிப்பவர் யாரும் இல்லை. உதட்டோரத்தில் ஏதோ அசையும். அந்த அசைவையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அசீமுக்கும் அபர்ணாவுக்கும் இடையிலான சமநிலை அப்போதுதான் மாறுகிறது.

கூச்சத்தால் வரும் சிரிப்புக்குத் த்ரூஃபோவின் 'திருட்டு முத்தங்கள்' போதுமானது. காலணிக் கடை முதலாளியின் மனைவியை மனத்துக்குள் ஆராதிக்கும் அந்துவான், அவர் தனக்குக் காப்பி கொடுத்து, இசை பிடிக்குமா என்று கேட்கும்போது, பதற்றத்தில் "ஆமாம், ஐயா" என்று சொல்லிவிட்டு ஓடியே போகிறான். இதைப் பார்த்துச் சிரிக்காதவர் அரிது. பெரும்பாலானோர் கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். தத்தியின் 'என் மாமா' (1958) படத்தில், வாசல் மணி அடித்ததும் வீட்டுத் தலைவி ஓடிப்போய்த் தோட்டத்து மீன் நீரூற்றைத் திறந்துவிடுகிறார். வந்தவர் முக்கியமானவர் அல்லவென்றால் மூடிவிடுகிறார். விருந்தாளியின் தகுதிக்கேற்ற உபசாரம் நமக்கு நன்கு பழக்கமான விஷயம் என்பதால், இதற்கு விளக்கமே வேண்டியதில்லை.

எழுதும்போது

படம் முடிந்த அன்றே எழுத வேண்டும் என்றில்லை. ஆனால் மற்றவர்கள் எழுதியதைப் படிப்பதற்கு முன்பு எழுதிவிட வேண்டும். படித்துவிட்டால், அவர்களுடைய சொற்கள் நம் சிரிப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இயக்குநரின் வாழ்க்கைக் குறிப்போடோ, உலகத் தரம் வாய்ந்த படைப்பு என்ற சான்றிதழோடோ தொடங்காதீர்கள். தாளில் இருக்கும் குறிப்புகளில் எது உங்களை அதிகம் துரத்துகிறதோ, அந்த ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, படத்தைப் பார்க்காதவருக்கும் விளங்கும்படி நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுங்கள். வேடிக்கையை விளக்கினால் செத்துப்போகும் என்பார்கள். விளக்கினால் உண்மைதான், வரிசையைக் கலைக்காமல் விவரித்தால் அது பிழைத்துக்கொள்ளும். யார் எங்கே நின்றார், கையில் என்ன இருந்தது, யார் முதலில் பார்த்தார் என்பவற்றைச் சொல்லி, கடைசியில் நடந்ததைக் கடைசியிலேயே வையுங்கள்.

அதன் பிறகு, அந்தச் சிரிப்பு உங்களை யார் பக்கம் நிறுத்தியது என்று எழுதுங்கள். இந்தக் கட்டத்தில் சொந்த வாழ்க்கை உள்ளே வரும்; வரட்டும். தகப்பனார் அலுவலகத்தில் எப்படி இருந்தார் என்று ஒருநாள் பார்த்துவிட்ட மகனால்தான் ஓசுவின் 1932 படத்தைப் பற்றி முழுமையாக எழுத முடியும். ஆனால் உயிரோடிருக்கும் மனிதர்களின் அந்தரங்கத்தைப் படத்தின் பெயரைச் சொல்லி அம்பலப்படுத்துவது வேறு. உங்கள் மனைவி எப்படிச் சண்டை போடுவார் என்பதை எழுதாமலேயே, பெர்க்மனின் 'கோடை இரவின் புன்னகைகள்' படத்தில் வரும் வழக்கறிஞர் தண்ணீர்க் குட்டையில் விழுந்து, நடிகையின் காதலனான பிரபுவின் இரவு உடையை மாட்டிக்கொண்டு நிற்கும்போது அதே பிரபு உள்ளே நுழையும் காட்சி உங்களை ஏன் நெளிய வைத்தது என்று எழுத முடியும்.

சிரிப்பு வரவில்லை என்றால் அதையும் எழுதலாம். 'ஆட்டத்தின் விதிகள்' 1939 ஜூலையில் பாரிஸில் வெளியானபோது, பார்வையாளர்கள் கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள்; படத்தை வெட்டிச் சுருக்கியும் பயனில்லாமல், அதே ஆண்டில் அது தடையும் செய்யப்பட்டது; 1959-இல்தான் வெட்டப்பட்ட பகுதிகளைத் தேடிச் சேர்த்து மீட்டார்கள். துப்பாக்கியோடு ஒருவன் இன்னொருவனை மாளிகை முழுக்கத் துரத்த, விருந்தினர்கள் அதையும் கேளிக்கையின் பகுதி என்று எண்ணிக்கொள்வதும், ரெனுவாரே நடித்த ஆக்டாவ் கரடி வேடத்தைக் கழற்ற ஆள் தேடி அலைவதும் இன்று கொண்டாடப்படும் காட்சிகள். அன்றைய பார்வையாளர்கள் ரசனை கெட்டவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. திரையில் தெரிந்தது தங்கள் வர்க்கமே என்பதைக் கண்டுகொண்டதால்தான் அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்று நான் நினைக்கிறேன். அந்த வகையில் அவர்களுடைய எதிர்வினை, இன்று மரியாதையாக உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கைதட்டுவதைவிட நேர்மையானது.

மறுபடி பார்ப்பது

சில படங்களை ஐந்தாறு ஆண்டுகள் கழித்துக் கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டும். முதல் தாளைப் பிரிக்காமல் பார்த்துவிட்டு, பிறகு எடுத்து ஒப்பிட வேண்டும். 'டோக்கியோ கதை' (1953) இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஓனோமிச்சியிலிருந்து டோக்கியோவுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வரும் முதிய பெற்றோரை, அழகு நிலையம் நடத்தும் மகள் ஷிகே படுத்தும் பாட்டை இளம் வயதில் பார்ப்பவர்கள் அவளை மன்னிக்கமாட்டார்கள். பெற்றோருக்கென்று கணவன் வாங்கிவந்த கேக் விலை அதிகம், இவர்களுக்கு எதற்கு என்று சொல்லிக்கொண்டே அவள் அதைத் தின்னும் காட்சியில் வருவது வெறுப்புக் கலந்த சிரிப்பு. தாயின் இறுதிச்சடங்கு முடிந்த கையோடு, அவருடைய ஆடைகளில் இன்னின்னது எனக்கு வேண்டும் என்று அவள் கேட்கும்போது சிரிப்பும் போய்விடுகிறது.

வேலையும் வாடகையும் ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு ஒதுக்க முடியாத ஞாயிற்றுக்கிழமைகளும் நமக்கும் வாய்த்த பிறகு பார்த்தால், அதே கேக் காட்சி வேறு விதமாகச் சுடுகிறது. தாய் விடியும்வரை தாங்கமாட்டார் என்று மருத்துவரான அண்ணன் சொன்னதும் உடைந்து அழுபவள் ஷிகேதான் என்பது அப்போதுதான் கண்ணில் படும். இறுதியில் கடைக்குட்டி மகள், உலகம் இப்படித்தானா, வெறுப்பாக இருக்கிறதே என்று மருமகள் நோரிகோவிடம் கேட்கும்போது, நோரிகோ ஆமாம் என்று சொல்லிப் புன்னகை செய்கிறாள். நோரிகோவாக நடித்த செட்சுகோ ஹாராவின் அந்தப் புன்னகைக்கு என்ன பொருள் என்பதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். முதல் தாளில் அதைப் பற்றி நீங்கள் என்ன எழுதியிருந்தீர்களோ, அது தவறாகத் தோன்றினாலும் அடித்துவிடாமல், புதிய குறிப்பை அதன் கீழே எழுதுங்கள்.

துணையோடு பார்ப்பவர்களுக்கு ஒரு சிறு ஏற்பாடு உதவும். இருவரும் தனித்தனித் தாளில் குறித்துக்கொண்டு, படம் முடியும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் இருந்து, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் சிரித்த இடங்களைப் பற்றியே பேசினால் போதும். இருவரும் சிரித்த இடங்களில் பேச அதிகம் இருக்காது. தாளின் தலைப்பில் பார்த்த தேதி, கூட இருந்தவர், எந்த அளவுத் திரை, எந்தப் பதிப்பு ஆகியவற்றை எழுதிவையுங்கள். 'ஆட்டத்தின் விதிகள்' போல வெட்டப்பட்டும் மீட்கப்பட்டும் வந்த படங்களில், நீங்கள் சிரித்த காட்சி இன்னொருவர் பார்த்த பதிப்பில் இல்லாமலே போயிருக்கக்கூடும்.